பேசாப் பாத்திரத்தின் குரல்: ஒலிநூல் நோக்கில் ‘பொன்னியின் செல்வன்’ – கதைசொல்லலும் பாத்திர வளர்ச்சியும்

ஆய்வுச்சுருக்கம்

ஒலிநூலின் சுவை, பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்போரின் நடிப்பு வளத்தைப் பொறுத்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தைக் கேட்கும் பனுவலாகக் கொண்டு இவ்வெண்ணத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் சுட்டும் கேட்போர், முன்னம், எச்சம் ஆகிய உறுப்புகள் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. வாய்பேச இயலாத மந்தாகினி என்னும் பாத்திரத்தின் வழியாக, ஒலிநூல் சுவைக்கு அடிப்படையாக நிற்பது கதைசொல்லியின் குரலே என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒலிநூல், கதைசொல்லி, பாத்திர வளர்ச்சி, கேட்போர், முன்னம், எச்சம், கல்கி.

முன்னுரை

‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’, ஐந்து பாகங்களைக் கொண்ட பெரும்புதினம். மணியத்தின் ஓவியங்களோடு வாரந்தோறும் வாசிக்கப்பட்ட அது, பின்னர் நூலாகவும் மேடை நாடகமாகவும் திரைப்படமாகவும் வடிவம் பெற்றது. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டபின் ஒலிவடிவங்களும் பெருகின. அவற்றை இருவகைப்படுத்தலாம். ஒருவரே முழுப் பனுவலையும் வாசிப்பது தனிக்குரல் வடிவம். பாம்பே கண்ணன் இயக்கிய ஒலிநூலைப் போலப் பாத்திரங்களுக்குத் தனித்தனிக் குரல் அமைப்பது பல்குரல் வடிவம்.

இவற்றுள் எது சிறந்தது என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எழுத்தில் அமைந்த பாத்திரம் செவிக்கு மாறும்போது எதை இழக்கக்கூடும், அவ்விழப்பை எது ஈடுசெய்யும் என்பதே ஆய்வுச் சிக்கலாகும்.

கேட்போரும் கேட்கும் சூழலும்

தொல்காப்பியர் செய்யுளுக்குரிய 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றையும் எண்ணுகிறார். கேட்பவரைப் படைப்பின் வெளியில் நிறுத்தாமல் அதன் உறுப்பாகவே கொண்ட இம்மரபு, ஒலிநூல் ஆய்வுக்குத் தக்க தொடக்கமாகும்.

கட்டுரையாளரின் ஆய்வுக்களத்தைச் சேர்ந்த வாலிநோக்கம், இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த ஊர். கடல்தொழிலும் உப்பளத் தொழிலும் இப்பகுதிக்குரியவை. கிழிந்த வலையைச் சரிசெய்பவருக்குக் கையும் கண்ணும் வேலையில் இருக்கும். செவி மட்டும் ஓய்ந்திருக்கும். பாம்பனிலிருந்து 2016 முதல் ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி, மீனவரை நேயராகக் கொண்டு இயங்குவது இச்சூழலை உணர்ந்ததன் விளைவே எனலாம். நூலை எழுத்துக் கூட்டாமல் செவியால் பெறும் பழக்கமும் இக்கரைக்குப் புதிதன்று. உமறுப்புலவரின் சீறாப்புராணம் இக்கரையின் இசுலாமியர் அவைகளில் ஓதிப் பொருள் சொல்லப்பட்ட காப்பியமாகும். செய்யுளை ஓதும் குரலும் அதை விளக்கும் குரலும் வேறுவேறாக இயங்கிய அம்மரபில் கேட்போர் இரண்டையும் பிரித்தறிந்தே சுவைத்தனர்.

கேட்பவருக்கும் படிப்பவருக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஐயம் எழுந்தால் படிப்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். கை ஓயாதவருக்கு அது எளிதன்று. எனவே யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பது அந்தக் கணத்திலேயே விளங்க வேண்டும். ஒரு சொல் எவ்விடத்தில், எவர், எவருக்குக் கூறுதற்குரியது என்பதை உணர்த்தும் உறுப்பைத் தொல்காப்பியம் ‘முன்னம்’ என்கிறது. ஒலிநூலில் இதன் பொறுப்பு வாசிப்பவரின் குரலுக்கு மாறுகிறது.

கல்கியின் கதைசொல்லி

‘பொன்னியின் செல்வன்’ கதைசொல்லி மறைந்து நிற்பவர் அல்லர். புதினத்தின் தொடக்கத்திலேயே தம்மை ‘நாம்’ என்று கூறிக்கொண்டு, காலவெள்ளத்தில் கற்பனை ஓடம் ஏறி வருமாறு நேயர்களை அழைக்கிறார். ‘நேயர்’ என்னும் இச்சொல் இன்று பெரும்பாலும் வானொலி கேட்போரைக் குறிப்பது நோக்கத்தக்கது. இடையிடையே கதையை நிறுத்தி வரலாறு கூறுவதும், ஒரு பாத்திரத்தை வழியில் விட்டு மற்றொன்றிடம் அழைத்துச் செல்வதும், பாத்திரத்தின் மீது மெல்லிய நகை தூவுவதும் இவர் இயல்புகள். வந்தியத்தேவனின் துடுக்குத்தனம் நமக்கு இனிப்பதற்கு அவன் பேச்சு மட்டும் காரணமன்று. அதைக் கண்டு தாமும் மகிழும் கதைசொல்லியின் தொனியும் காரணம்.

பல்குரல் வடிவத்தில் எழும் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. வந்தியத்தேவனுக்குத் தனிக்குரல் அமைந்தபின் ‘என்றான் வந்தியத்தேவன்’ என்னும் தொடர் மிகையாகத் தோன்றும். அதை நீக்கினால் உரையாடல் விரைவு பெறும். ஆனால் கல்கியின் உரைநடையில் இத்தகைய தொடர்கள் பேசுபவரின் பெயரைத் தருவதோடு நிற்பதில்லை. பேசியவர் மனத்தில் மறைத்தது, கேட்டவர் முகத்தில் தோன்றியது, இருவரும் அறியாமல் கதைசொல்லி மட்டும் அறிந்தது ஆகியவையும் அவற்றோடு இணைந்து வருகின்றன. பெயர் மிகை எனக் கருதி முழுத்தொடரையும் நீக்கினால் பாத்திரத்தின் அகம் வெட்டுப்படுகிறது.

குரலும் பாத்திர வளர்ச்சியும்

அச்சில் பாத்திரத்தின் குரலை வாசகரே கற்பித்துக்கொள்கிறார். பாத்திரம் மாறமாற அக்கற்பனையும் மாறுகிறது. ஒலிநூலில் குரல் முதற்காட்சியிலேயே தரப்பட்டுவிடுகிறது. அக்குரல் பாத்திரத்தின் முடிவை முன்னதாகவே அறிவித்துவிட்டால் வளர்ச்சிக்கு இடமில்லாமற் போகும்.

நந்தினி இதற்குத் தக்க சான்று. பெரிய பழுவேட்டரையர், கந்தமாறன், பார்த்திபேந்திரன், ஆதித்த கரிகாலன் ஆகியோரிடம் அவள் பேசும் முறை ஆளுக்கேற்ப மாறுகிறது. எது நடிப்பு, எது உண்மைத் துயரம் என்று பிரித்தறிய இயலாமையே அப்பாத்திரத்தின் ஆற்றல். தொடக்கம் முதலே நஞ்சு தோய்ந்த குரலில் அவளை வாசித்தால், கேட்பவர் அவளை ஐயுறுவதற்கும் இரங்குவதற்கும் உரிய வாய்ப்பை இழக்கிறார். கரிகாலன் கொலையைப் பற்றியும் இதையே கூறலாம். கொலைக்குப் பொறுப்பு யாருடையது என்பதைக் கல்கி ஐயத்துக்கு இடமின்றி உரைப்பதில்லை. அந்த ஐயத்தைக் காப்பதும் வாசிப்பவரின் கடமையாகும்.

பெரிய பழுவேட்டரையர் 64 விழுப்புண்களைச் சுமந்த வீரர். கம்பீரமான கனத்த குரல் அவருக்குப் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. எனினும் நந்தினியின் முன்னிலையில் அக்குரல் தளர வேண்டும். கொள்ளிட வெள்ளத்திலிருந்து தப்பியபின், சதிகாரரின் பேச்சை மறைந்திருந்து கேட்டு அவர் உண்மையை அறிகிறார். கேட்டல் என்னும் செயலே ஒரு பாத்திரத்தைத் திருப்புகின்ற இடம் அது. முன்னைய தளர்ச்சியைக் கேட்டிருந்தால்தான் பின்னைய நொறுங்கலின் எடை செவிக்குப் புலப்படும். ஒரே உரப்பில் வாசிக்கப்பட்ட பழுவேட்டரையருக்கு வீழ்ச்சி நேர்ந்தாலும் அது கேட்பவரைத் தொடுவதில்லை.

கடற்கரைக் கேட்போர் உணரும் மற்றொன்றும் உண்டு. கோடிக்கரைப் படகோட்டி பூங்குழலியின் உரையாடலைக் கல்கி நெய்தல் வட்டார வழக்கில் எழுதவில்லை, பொதுத்தமிழிலேயே அமைத்தார். மண்மணம் கருதி வாசிப்பவர் வட்டார உச்சரிப்பை ஏற்றினால், இளவரசனிடம் தன்னைத் தாழ்த்திக்கொள்ளாமல் பேசும் அவளது நிமிர்வு வேடிக்கையாகிவிடும் வாய்ப்புண்டு. பாத்திரத்தின் சாதியையும் தொழிலையும் குரலில் ஏற்றுவது நுண்மையான பொறுப்பாகும்.

மந்தாகினி: ஒலியில் எச்சம்

இதுவரை கூறியவற்றின் உரைகல் மந்தாகினி. பிறவியிலேயே செவிப்புலனும் பேச்சும் இல்லாதவள், பூங்குழலியின் அத்தை, உருவத்தில் நந்தினியை ஒத்தவள். சிறுவயதில் அருள்மொழிவர்மரைக் காவிரியிலிருந்து காத்தவளும் அவளே. கதையின் பெரும் முடிச்சுகள் அவளைச் சுற்றியே இடப்பட்டுள்ளன. இறுதியில் சுந்தர சோழரைக் காக்கத் தன்னுயிரையும் தருகிறாள். ஐந்து பாகங்களிலும் அவளுக்கு ஓர் உரையாடலும் இல்லை.

பல்குரல் ஒலிநூலுக்கு நடிகரைத் தெரிவு செய்வோர் இப்பாத்திரத்துக்கு எவரையும் அமர்த்த இயலாது. பாத்திரங்களின் பேச்சு மட்டுமே கொண்ட ஒலி நாடகத்தில் அவள் பிறர் வாயில் இடம்பெறும் செய்தியாகச் சுருங்குவாள். இலங்கையில் அவள் தன் கதையைச் சுவரில் தீட்டிய ஓவியங்களால் அருள்மொழிக்கு உணர்த்தும் பகுதி இதனை மேலும் தெளிவாக்கும். பேச்சில்லாதவள், சொல்லில்லாத ஓவியத்தால் சொன்னதை, ஓவியமே இல்லாத ஊடகத்தில் கேட்பவர் பெற வேண்டும். அங்கே அவளுக்கென இருப்பது கதைசொல்லியின் குரல் ஒன்றே.

சொல்லாலும் குறிப்பாலும் நிரப்பிக்கொள்ளுமாறு விடப்படுவதைத் தொல்காப்பியம் ‘எச்சம்’ என வகுத்தது. மந்தாகினி இப்புதினத்தின் எச்சம் எனலாம். அவள் தோன்றும் இடங்களில் வாசிப்பவர் விரைவைக் குறைப்பதும், ஒரு கணம் நிறுத்துவதும், பின்னணி இசையை அடக்குவதும் அவளுக்கு இருப்பைத் தரும். அவலச் சுவைக்கென இசையைப் பெருக்கினால் அவளுடைய மௌனம் கேட்காமற் போகும்.

இது சுவை பற்றிய வினா மட்டுமன்று. ஒலிநூலின் முன்னோடியான பேசும் நூல்கள் 1930களில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பார்வையற்றோருக்காக உருவாக்கப்பட்டன. இன்றும் பார்வைத்திறன் குறைந்த தமிழ் மாணவர் பலருக்கு ஒலிவடிவமே அப்புதினம்; ஒப்பிட்டுப் பார்க்க அச்சுப்படி அவர்கள் கையில் இல்லை. மிகை எனக் கருதித் தயாரிப்பாளர் நீக்கும் கதைசொல்லியின் ஒவ்வொரு தொடரும் அவர்களைப் பொறுத்தவரை எழுதப்படாத தொடராகிவிடுகிறது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. ஒலிநூலில் முன்னத்தைக் காக்கும் பொறுப்பு குரலுக்குரியது. அதைத் தனிக்குரலாலும் பல்குரலாலும் நிறைவேற்ற இயலும்.

2. பாத்திரத்தின் முடிவை முன்னரே அறிவிக்கும் குரல் வளர்ச்சியைத் தடுக்கிறது. மாற்றத்துக்கு இடம் வைத்து வாசிப்பதே சுவை பயக்கும்.

3. கதைசொல்லியின் தொடர்களை உரையாடலின் துணைக்கருவிகளாகக் கருதி நீக்குதல் பொருந்தாது. பேசாப் பாத்திரங்கள் அத்தொடர்களிலேயே வாழ்கின்றன.

ஒலிநூல்களை மதிப்பிடும் ஆய்வாளர், பேசுவோர் எவ்வளவு சிறப்பாகப் பேசினர் என்பதோடு, பேச இயலாதவர் கேட்போரின் செவிக்கு வந்து சேர்ந்தனரா என்பதையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும். தமிழின் பிற புதினங்களில் இடம்பெறும் மௌனப் பாத்திரங்களையும் இவ்வளவுகோலால் ஆராய இடமுள்ளது.