ஒலிவடிவும் வரிவடிவும்: கணினிவழி வானொலிக் குறிகளைப் படித்தல்

எழுத்திற்கு ஒலிவடிவு, வரிவடிவு என இரு நிலைகள் உண்டென்பது இலக்கணம் பயில்வோர் அறிந்ததே. செவிக்குரியதைக் கண்ணுக்குரியதாக மாற்றும் பணியை இன்று கணினியும் செய்கின்றது. வானொலி ஒலிக்குறிகள் கணினியில் படமாகவும் எழுத்தாகவும் மாறும் முறையை ஈண்டுக் காண்போம்.

புவிக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையம், சிறப்பு நிகழ்வுகளையொட்டி 145.800 மெகாஹெர்ட்சில் படங்களை ஒலியாக அனுப்புவதுண்டு. இம்முறைக்கு எஸ்.எஸ்.டி.வி. என்பது பெயர். இதில் 1500 ஹெர்ட்ஸ் ஒலி கருமையைக் குறிக்கும். 2300 ஹெர்ட்ஸ் வெண்மையைக் குறிக்கும். இடைப்பட்ட ஒலிகள் இடைப்பட்ட ஒளிநிலைகளாம். 1200 ஹெர்ட்ஸ் ஒலி வரிகளைப் பிரித்துக் காட்டும். பி.டி.120 என்னும் வகையில் ஒரு படம் முற்றுப்பெற ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும்.

கணினியில் செருகும் சிறு ஏற்பி அலையை வாங்க, ஒரு மென்பொருள் அதனை ஒலியாக்குகின்றது. எம்.எம்.எஸ்.எஸ்.டி.வி. போன்ற மற்றொரு மென்பொருள் அவ்வொலியைப் படமாக்குகின்றது. முன்னதன் ஒலியைப் பின்னதற்குக் கொண்டு சேர்ப்பது எவ்வாறு? ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு மைக்கில் வாங்கினால், மின்விசிறி இரைச்சலும் தெருவில் செல்லும் பேருந்தின் ஒலியும் படத்தில் புள்ளிகளாய்ப் படியும். எனவே, கணினிக்குள்ளேயே ஒரு மெய்ந்நிகர் கம்பி அமைத்தல் வேண்டும். விபி-கேபிள் அத்தகையதொரு மென்பொருள்.

அதில் பெயர்கள் சற்றே மயக்கம் தரும். ஏற்பி மென்பொருளின் வெளியீட்டைக் 'கேபிள் இன்புட்' எனவும், படமாக்கும் மென்பொருளின் உள்ளீட்டைக் 'கேபிள் அவுட்புட்' எனவும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். கம்பிக்குள் புகும் வாயில் முன்னது; வெளியேறும் வாயில் பின்னது எனக் கொண்டால் மயக்கம் தீரும். இருபுறமும் மாதிரி வீதத்தை 48,000 ஹெர்ட்ஸ் என ஒன்றாக வைத்தல் நன்று. ஒலியின் அளவு மிகினும் குறையினும் படம் கெடும். இரைச்சல் நீக்கும் வசதியையும் அணைத்துவிடுதல் வேண்டும். அது குறிகளையே இரைச்சலெனக் கருதிச் சிதைத்துவிடும்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட, நம் திருக்கோவிலூரை ஒட்டி ஓடும் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. இத்தகைய வேளையில் மின்சாரமும் கைப்பேசியும் ஒருசேர ஓய்ந்துவிடின் செய்தி செல்வது எவ்வாறு? 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானிலிருந்த பாரதி பிரசாத் குழுவினர், அமெச்சூர் வானொலி வழியே செய்திகளைக் கொண்டு சேர்த்தமை நாடறிந்தது. மேற்கூறிய கம்பியமைப்பையே எஃப்.எல்.டிஜி மென்பொருளுடன் இணைத்தால் எழுத்துச் செய்திகளையும் பெறலாம். மின்கலத்தில் இயங்கும் ஒரு கணினியும் ஒரு வானொலியும் அதற்குப் போதும்.

அலைபரப்புவதற்கு நடுவணரசின் தேர்வெழுதி உரிமம் பெறுதல் இன்றியமையாதது. 12 வயது நிறைந்தோர் அத்தேர்வை எழுதலாம். மாணவர்கள் வெள்ளம் வருமுன் இக்கலையைக் கற்று, உரிமமும் பெற்று ஆயத்தமாக இருப்பின், இடர்க்காலத்தில் ஊருக்குச் செவியாகவும் நாவாகவும் விளங்குவர்.