பாதி விலைக்கு வரும் நிலம்

திருவையாறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வாட்ஸ்அப்பில் நீ கேட்டதற்கு அதிலேயே பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

சிங்கப்பூர் ஈசூனில் நீ பார்த்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, அந்த பிளாக்கில் இந்தியருக்கான விகிதம் நிரம்பிவிட்டதால் கைநழுவிப் போனதில் உனக்கு வருத்தம். அடுத்த வரியிலேயே, நம் ஊர்ப்பக்கம் ஒன்றரை ஏக்கர் பாதி விலைக்கு வருகிறது, பேசி முடியுங்கள் என்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே கணக்காகத் தெரிகிறது.

இனவாரியாகப் பேட்டைகள் பிரிந்துவிடக் கூடாது என்று 1989 மார்ச்சில் சிங்கப்பூர், ஒவ்வொரு பிளாக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்ச அளவு வைக்கும் அந்த விகிதத்தைக் கொண்டுவந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த தனபாலன் தமிழர்தான். வாங்கப் போன நீ ஒரு வீட்டை இழந்தாய், அவ்வளவுதான். விற்கப் போகிறவர் பாடு அதைவிட மோசம். சீனர் விகிதம் நிரம்பிய பிளாக்கில் இருக்கும் தமிழர், தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்கும் ஆள் குறைந்தால் விலை இறங்கும். அந்த நட்டம் எண்ணிக்கையில் சிறியவர் தலையில்தான் விழும். இதை உணர்ந்துதான், விற்க வழியின்றித் தவிக்கும் தகுதியுள்ளவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022 மார்ச்சில் அறிவித்தார்கள்.

இப்போது நம் ஊர் நிலத்துக்கு வருகிறேன். தரகர் உனக்கு அனுப்பிய வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லைதான். அதில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். அரசு ஒப்படைத்தபோது போட்ட நிபந்தனை வராது. நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு (யு.டி.ஆர்.) முந்தைய வருவாய்த் துறை அ-பதிவேட்டைப் பார்த்தேன். அது டி.சி. நிலம், அதாவது தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒப்படைத்தது; ஊர் வழக்கில் பஞ்சமி நிலம்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். அதன் பயனாக, அவர்களுக்கு நிலம் ஒப்படைக்க 1892இல் அரசாணை வந்தது. முதல் 10 ஆண்டு விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் அதே மக்களுக்குள்தான் விற்க வேண்டும். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இவைதான் நிபந்தனைகள். கடன் கொடுத்தவரும் மேல்சாதிக்காரரும் நாலு காசு காட்டி எழுதி வாங்கிவிடுவார்கள் என்று தெரிந்தே போட்ட வேலி அது. அப்படியும் ஏராளமான நிலம் கைமாறியது. அதை மீட்கக் கேட்ட காரணை கிராமத்துப் போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

நஞ்சையெல்லாம் மிராசுதார், கோயில், மடம் என்று அடைபட்டுக் கிடந்த இந்த டெல்டாவில், நாற்று நட்டவர்களுக்கென்று எழுதப்பட்ட காணி சொற்பம். அதிலும் ஒன்றரை ஏக்கரை நாம் வாங்குவதா?

"அவர்களாகத்தானே விற்க வருகிறார்கள்?" என்று நீ கேட்கலாம். மகள் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ, ஏதோ ஒரு நெருக்கடி இருக்கும். சட்டப்படி வாங்கக்கூடியவர்களிடம் பணம் இல்லை. பணம் உள்ள நமக்கு வாங்க உரிமை இல்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார். பவர் எழுதலாம், கிரய ஒப்பந்தம் போடலாம் என்பார். கிரயமே செல்லாது என்றான பிறகு பவருக்கு ஏது மதிப்பு? நாளைக்கு நிலத்தை மீட்கக் கேட்டு யாராவது மனு போட்டால் உன் பணமும் போகும். அது போகாவிட்டாலும் நான் இதையேதான் சொல்லுவேன். சிங்கப்பூரில் விலை குறைந்து நட்டப்படும் சிறுபான்மையினர் பக்கத்தில் நீ இருக்கிறாய். இங்கே அந்தக் குறைந்த விலையில் லாபம் பார்க்கும் பக்கத்தில் போய் நிற்காதே.

அட்வான்ஸ் அனுப்பாதே. விற்கிறவர் வீட்டு நெருக்கடிக்கு உதவ நினைத்தால் கைமாற்றாகக் கொடு, நிலத்தை ஈடு கேட்காதே. உனக்கு நிலம்தான் வேண்டுமென்றால் கண்டியூர்ப் பக்கம் நல்ல பட்டா நிலம் அரை ஏக்கர் வருகிறது. ஊர் விலைதான், குறையாது. மூலப்பத்திரத்தைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மாமா