மனச்சோர்வு மருந்தை நிறுத்துவதும் சிகிச்சையே

மனச்சோர்வுக்கு மருந்து தொடங்க மருத்துவரை நாடி வரும் பலர், அம்மருந்தை நிறுத்தும்போது மருத்துவரை நாடுவதில்லை. உடல் தேறிவிட்டது என்ற மகிழ்ச்சியிலோ, மாத்திரை தீர்ந்துபோனதாலோ, உறவினர் எவரேனும் "இன்னும் எத்தனை காலம் இதை விழுங்கப் போகிறாய்?" என்று கேட்டுவிட்டதாலோ ஒருநாள் மருந்து நின்றுவிடுகிறது. மூன்றாம் நாள் தலை சுற்றுகிறது, உறக்கம் கெடுகிறது, காரணமின்றிக் கண்ணீர் வருகிறது. "நோய் திரும்பிவிட்டதா?" என்று நோயாளியும் குடும்பத்தாரும் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்திற்குப் பல நேரங்களில் விடை வேறாக இருக்கும். அதனைப் பகுத்தறியும் முறையையும், மருந்தைக் குறைக்கும் காலத்தையும் மாற்றும் காலத்தையும் பாதுகாப்பாகக் கடக்கும் வழிகளையும் இவ்விதழில் விளக்குகிறோம்.

மருந்து நின்றதும் உடலில் நிகழ்வது

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் மூளை நரம்புகளுக்கு இடையே செரட்டோனின் என்னும் வேதிப்பொருளின் அளவை மாற்றுகின்றன. அம்மாற்றத்திற்கு ஏற்ப மூளை சில வாரங்களில் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. மருந்து திடீரென நின்றால், பழகிய நரம்புகள் மீண்டும் சமநிலை பெறக் காலம் தேவைப்படுகிறது. அந்த இடைக்காலத்தில் தோன்றும் தொல்லைகளையே 'மருந்து விலகல் அறிகுறிகள்' என்கிறோம்.

இது புதிய செய்தியன்று. மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளுள் ஒன்றாகிய இமிப்ரமின் பற்றி 1957இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் குன் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே, அம்மருந்தை நிறுத்தியோருக்கு இத்தகைய தொல்லைகள் நேர்வது மருத்துவ இதழ்களில் பதிவாகிவிட்டது.

விலகல் அறிகுறி தோன்றுவதால் நோயாளி மருந்துக்கு அடிமையாகிவிட்டார் என்று பொருள் கொள்ளலாகாது. மதுவுக்கு அடிமையானவருக்கு எழும் வேட்கையோ, அளவைக் கூட்டிக்கொண்டே செல்லும் போக்கோ இம்மருந்துகளால் உண்டாவதில்லை. தூக்கத்திற்கும் பதற்றத்திற்கும் தரப்படும் அல்பிரசோலம், குளோனாசெபாம், டயஸெபாம் ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு அடிமையாகும் வாய்ப்பு உண்டு. நெடுநாள் உண்டு திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம். ஆகவே உங்கள் சீட்டில் உள்ள ஒவ்வொரு மாத்திரையும் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை எங்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விலகல் அறிகுறியா, நோயின் மறுவரவா?

இவ்விரண்டையும் பிரித்தறிய நான்கு அடையாளங்கள் உதவும்.

முதலாவது, காலம். விலகல் அறிகுறிகள் பெரும்பாலும் மருந்தை நிறுத்திய அல்லது குறைத்த சில நாட்களுக்குள் தொடங்கும். உடலிலிருந்து விரைவாக வெளியேறும் பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றில் ஓரிரு வேளை தவறினாலே தொடங்கலாம். ஃப்ளூவாக்ஸெட்டின் உடலில் பல வாரங்கள் தங்குவதால் அதில் தாமதமாகத் தோன்றலாம். மனச்சோர்வு நோயோ பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல மெல்லத் திரும்பும்.

இரண்டாவது, தொல்லையின் தன்மை. தலைசுற்றல், குமட்டல், சளிக்காய்ச்சல் போன்ற உடல்வலி, வியர்வை, தெளிவான கனவுகள், தலைக்குள் மின்சாரம் தாக்கியது போன்ற கணநேர அதிர்வு ஆகியவை விலகலின் அடையாளங்கள். இவ்வதிர்வைச் சொன்னால் பிறர் நகைப்பர் என்று பலர் மறைக்கின்றனர். அது நன்கு அறியப்பட்ட அறிகுறியே, தயங்காமல் கூறுங்கள். எதிலும் நாட்டமின்மை, நம்பிக்கையின்மை, தன்னைத்தானே பழித்தல், பசியின்மை, விடியுமுன் விழிப்பு ஆகியவை நாள்தோறும் வளர்ந்தால் அது நோயின் மறுவரவாக இருக்கக்கூடும். எரிச்சல், அழுகை, உறக்கக்கேடு ஆகியவை இரண்டிலும் வரும்; அவற்றை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது.

மூன்றாவது, மருந்துக்குக் கிடைக்கும் பலன். மருத்துவர் சொற்படி பழைய அளவை மீண்டும் தொடங்கினால் விலகல் அறிகுறி பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். திரும்பிய நோய் தணிய வாரங்கள் ஆகும்.

நான்காவது, போக்கு. விலகல் தொல்லை பொதுவாக எழுந்து, உச்சமடைந்து, பின் வடியும். சிலருக்கு மட்டும் மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. கவனிக்கப்படாத நோயோ நாளுக்கு நாள் ஆழமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். பத்து மாதங்களாக செர்ட்ராலின் உண்டு நலமாயிருந்த ஒருவர் பொங்கலன்று மருந்தை நிறுத்துகிறார். மூன்றாம் நாள் தலைசுற்றலும் அதிர்வும் தொடங்கினால் அது விலகல் என்றே முதலில் கருதுவோம். அவருக்கே பங்குனி பிறந்த பிறகு வேலையில் நாட்டம் குன்றி, பேச்சுக் குறைந்து, "நான் இருந்து என்ன பயன்?" என்னும் சொல் வருமானால் நோய் திரும்புகிறது என்று ஐயுறுவோம். முன்னதை நோய் என்று தவறாக எண்ணினால், வாழ்நாள் முழுதும் மருந்தின்றி இயலாது என்ற வீண் அச்சம் எழும். பின்னதை வெறும் விலகல் என்று விட்டுவிட்டால் உயிருக்கே கேடு விளையலாம்.

எத்தனை பேருக்கு நேர்கிறது?

2024இல் வெளிவந்த ஒரு பெரும் ஆய்வுத் தொகுப்பின்படி, மனச்சோர்வு மருந்தை நிறுத்தியோரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் ஏதேனும் ஓர் அறிகுறியைக் கூறினர். மருந்தற்ற வெற்று மாத்திரையை நிறுத்தியோரிலும் 17 விழுக்காட்டினர் அவ்வாறே கூறினர். கடுமையான தொல்லை சிலருக்கே நேர்ந்தது. ஆகவே அனைவருக்கும் துன்பம் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வருவோருக்கு அது வெறும் கற்பனை என்று தள்ளவும் கூடாது.

நோய் திரும்புவதைப் பற்றி இங்கிலாந்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. நெடுநாள் மருந்துண்டு நலமடைந்த 478 பேரை ஓராண்டு கவனித்தனர். மருந்தைத் தொடர்ந்தோரில் 39 விழுக்காட்டினருக்கும், படிப்படியாக நிறுத்தியோரில் 56 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. நிறுத்துவதில் இடர் கூடுகிறது என்பதையும், நிறுத்திய பிறகும் நலமாயிருந்தோர் பலர் என்பதையும் இவ்வாய்வு ஒருங்கே காட்டுகிறது. யார் நிறுத்தலாம், எப்போது நிறுத்தலாம் என்பதை ஒவ்வொருவரின் நோய் வரலாற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். முதன்முறை நோயுற்றோர் முழுநலம் பெற்ற பின்னும் குறைந்தது ஆறு மாதங்களேனும் மருந்தைத் தொடர்வது நன்று. பலமுறை நோயுற்றோருக்கு இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தேவைப்படலாம்.

படிப்படியாகக் குறைத்தல்

பாதி மாத்திரையாகக் குறைத்தபோது நலமாயிருந்தவர், அந்தப் பாதியையும் விட்டவுடன் துன்புறுவது ஏன்? மருந்தின் அளவும் மூளையில் அதன் செயலும் நேர்விகிதத்தில் அமைவதில்லை. சிட்டலோபிராம் 20 மி.கி. உண்டால், அது செயல்படும் மூளை இடங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை நிரப்பிவிடுகிறது. அளவை 40 மி.கி. ஆக்கினாலும் சில விழுக்காடே கூடும். 5 மி.கி. அளவிலும் பாதிக்கு மேற்பட்ட இடங்கள் நிரம்பியே இருக்கும். நம் ஊருணிப் படித்துறையில் மேற்படிகள் தாழ்வாகவும் அடிப்படி ஆளுயரமாகவும் இருந்தால் இறங்குவோர் நிலை எப்படியிருக்குமோ, அப்படியே இதுவும். ஆதலின் இறுதிப் படிகளை மேலும் சிறியனவாக்கி, ஒவ்வொன்றிலும் சில வாரங்கள் நின்று இறங்கச் சொல்கிறோம். சிலருக்கு இது வாரங்களில் முடியும்; சிலருக்கு மாதங்கள் ஆகும்.

விரைவில் வெளியேறும் மருந்துகளை ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டு குறைத்தல் கூடாது. அது இரண்டு நாளுக்கு ஒருமுறை விலகலை உண்டாக்குவதாகும். மெல்லக் கரையும் வகை மாத்திரைகளை உடைத்தலும் நசுக்குதலும் ஆகா. ஒரு வேளை மறந்தால் மறுவேளை இரட்டையாக உண்ணாதீர்கள். திருமணம், அறுவடை, தேர்வு, வெளிநாட்டுப் பயணம் ஆகியவை நெருங்கும் நாட்களில் குறைப்பைத் தொடங்காதீர்கள்.

கருவுற்றிருப்பது தெரிந்த அன்றே மருந்தை நிறுத்திவிடும் பெண்கள் உள்ளனர். திரும்பும் மனச்சோர்வு தாய்க்கும் சேய்க்கும் கேடாகலாம். தாமாக நிறுத்தாமல் உடனே எங்களிடம் வாருங்கள். வால்ப்ரோயேட் உண்போர் கருத்தரிக்க எண்ணும்போதே தெரிவித்தல் வேண்டும்.

மருந்து மாற்றும் காலம்

ஒரு மருந்து போதிய பலன் தராதபோது வேறொன்றுக்கு மாற்றுகிறோம். சில மருந்துகளை நேரடியாக மாற்றலாம். சிலவற்றில் பழையதைக் குறைத்துக்கொண்டே புதியதைக் கூட்டுவோம். புதிய மருந்து பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். இக்காலத்தில் பழைய மருந்தின் விலகலும் புதிய மருந்தின் பக்கவிளைவும் ஒன்றாகச் சேர்ந்து நோயாளியை வருத்தலாம். அது கண்டு மனமுடைந்து இரண்டையும் கைவிடுதல் கூடாது.

வீட்டில் மிஞ்சிய பழைய மாத்திரை அட்டைகளைத் தனியே எடுத்து எங்களிடம் கொண்டு வாருங்கள். இரண்டும் கலந்து இருமடங்கு உண்ண நேரும் தவறு அதனால் தவிர்க்கப்படும். மாத்திரையின் நிறமோ நிறுவனப் பெயரோ மாறினால் மருந்தே மாறிவிட்டது என்று எண்ண வேண்டாம். அட்டையில் உள்ள மருந்தின் மூலப்பெயரையும் மி.கி. அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூட்டுவலி, பல்வலி என்று வேறிடம் சென்றால் இச்சீட்டைக் காட்டுங்கள். டிரமடால் என்னும் வலிமருந்து இவற்றோடு சேர்ந்தால் செரட்டோனின் மிகையாகி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் உண்டாகலாம். டைக்ளோஃபினாக் போன்றவை சேர்ந்தால் குடலில் இரத்தக்கசிவு நேரும் வாய்ப்பு கூடும்.

இடைவெளி நேராமல் காத்தல்

எவரும் திட்டமிடாமலே மருந்து நின்றுபோவதும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலை நம் மாவட்டம் மறந்திருக்க முடியாது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னையும் பலாவும் வீழ்ந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. உணவும் குடிநீரும் தேடும் நாட்களில் மாத்திரையைத் தேட நினைவு வருவது அரிது. வாழ்வாதாரம் இழந்த துயரமும் மருந்தின் விலகலும் அத்தகைய வேளையில் ஒருசேர வந்து தாக்கும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு வாரத்துக்குரிய மருந்தையும் சீட்டின் படியையும் நீர் புகாத உறையில் வைத்திருங்கள்.

கடலுக்குச் செல்வோர் திரும்பும் நாள் தள்ளிப்போகலாம் என்று கருதிக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குச் செல்வோர் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே எங்களிடம் தெரிவியுங்கள். தூக்க, பதற்ற மாத்திரைகள் அந்நாடுகளில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முன் அனுமதி வேண்டியிருக்கலாம். விமான நிலையத்தில் அஞ்சி மருந்தை எறிந்துவிடும் நிலை வரக்கூடாது. ரமலான் நோன்பு நோற்போருக்கும், மாலையணிந்து விரதமிருப்போருக்கும் மருந்து வேளையைப் பெரும்பாலும் மாற்றித் தர இயலும். லித்தியம் உண்போர் மட்டும் நீர் அருந்தாமல் நோன்பிருக்குமுன் கட்டாயம் கலந்து பேச வேண்டும்.

மருந்து வாங்கப் பணமில்லை என்பதற்காகவும் நிறுத்த வேண்டாம். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியில் முதலில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இன்று நம் மாவட்டத்திலும் செயல்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் இம்மருந்துகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தம் சிகிச்சையைப் பற்றியும் பக்கவிளைவுகளைப் பற்றியும் அறியும் உரிமையை நோயாளிக்கு வழங்கியுள்ளது. ஆகவே தயக்கமின்றிக் கேளுங்கள்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். மருந்தின் அளவு மாறிய தேதி, உறக்கம், உடல் தொல்லை, மனநிலை ஆகியவற்றை நாளுக்கு ஒரு வரியாக எழுதுங்கள். மேலே கூறிய நான்கு அடையாளங்களையும் அந்த வரிகளே காட்டித்தரும். உறங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் மாற்றாதீர்கள். மாலைக்குப் பின் தேநீர், காப்பியைத் தவிருங்கள். மதுவை அறவே விலக்குங்கள். காலையில் அரைமணி நேரம் நடங்கள். நாளுக்கு ஒரு சிறு வேலையேனும் முடியுங்கள். தலைசுற்றல் உள்ள நாட்களில் இருசக்கர வாகனம் ஓட்டுதல், மரமேறுதல், கிணற்றில் இறங்குதல் ஆகியவை வேண்டா.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்ற அறிவுரை மருந்துக்கு ஈடாகாது. மருந்துண்பதைக் குத்திக்காட்டாதீர்கள், நிறுத்தும்படி தூண்டாதீர்கள். நோயாளி தாமாக நிறுத்தியிருந்தாலும் கடிந்துகொள்ளாமல் அழைத்து வாருங்கள். நோட்டில் எழுத அவரால் இயலாத நாளில் நீங்கள் எழுதுங்கள். மருந்து குறைக்கும் காலத்திலும் மாற்றும் காலத்திலும் பூச்சிமருந்து, எலிமருந்து, மிகுதியான மாத்திரைகள் ஆகியவற்றைப் பூட்டி வையுங்கள்.

காலந்தாழ்த்தாமல் வர வேண்டிய நிலைகள்

சாவைப் பற்றிய பேச்சு, வலிப்பு, காய்ச்சலோடு கூடிய நடுக்கமும் குழப்பமும், உறக்கமே இல்லாத மிகை உற்சாகம், உணவும் நீரும் மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த மருத்துவ நாளுக்குக் காத்திராதீர்கள். புதிய மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் 25 வயதுக்கு உட்பட்டோரைக் கூடுதலாகக் கவனியுங்கள். சாக நினைக்கிறாரா என்று அவரிடமே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகாது. அவரைத் தனியே விடாமல் 108 ஊர்தியை அழைத்து வாருங்கள். டெலிமனஸ் தொலைபேசி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மருந்தை நிறுத்த விரும்புவது குற்றமன்று. நலமடைந்தவருக்கு இயல்பாக எழும் விருப்பமே அது. அவ்விருப்பத்தை எங்களிடம் கூறுங்கள். தொடங்கும் நாளைச் சேர்ந்து முடிவு செய்தது போலவே, நிறுத்தும் நாளையும் சேர்ந்தே முடிவு செய்வோம். அடுத்த முறை வரும்போது உங்கள் நோட்டுப் புத்தகத்தையும் மாத்திரை அட்டைகளையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.