வெற்றுக்கட்டம் பூஜ்ஜியம் அல்ல: எஸ்கியூஎல் மாறிகளும் கட்டுப்பாட்டுக் கூற்றுகளும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில், தொழிற்சாலை வேலைக்காகப் பெற்றோர் இடம்பெயர்ந்து வருவதால் கல்வியாண்டின் நடுவிலும் பள்ளியில் சேரும் பிள்ளைகள் உண்டு. சேர்ந்த அன்று அப்பிள்ளையின் வருகைக் கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தை நிரல் எப்படிப் புரிந்துகொள்கிறது? மேல்நிலை மாணவர்கள் வினவல்களைக் கற்றபின் இக்கேள்வியோடு பாடத்தைத் தொடங்கலாம். இங்கு எடுத்துக்கொள்வது மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர். கட்டளைச் சொற்களை ஒலிப்பின்படி தமிழில் தந்துள்ளோம்.

மாறி

மாறி என்பது நிரல் இயங்கும்போது ஒரு மதிப்பைத் தாங்கும், பெயரிடப்பட்ட இடம். பெயர் @ குறியுடன் தொடங்கும். 'டிக்ளேர்' மாறியை அறிவிக்கும், 'செட்' மதிப்பளிக்கும். மதிப்பு அளிக்காத மாறியில் இருப்பது 0 அல்ல. 'நல்' எனப்படும் மதிப்பின்மை. அதனுடன் 1 கூட்டினாலும் விடை 'நல்' தான்.

நிபந்தனைக் கூற்று

வேலைநாள்கள் 20. மாணவர் அ 18 நாள், ஆ 9 நாள் வந்துள்ளனர். இ இன்றுதான் சேர்ந்தவர், பதிவு இல்லை.

இஃப் @வருகை >= 15
பிரிண்ட் 'வருகை சரி'
எல்ஸ்
பிரிண்ட் 'தொடர் விடுப்பு'

இ-க்கு என்ன விடை வரும்? 'நல்' 15-ஐவிடப் பெரிதா என்றால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. 'தெரியாது' என்பதே விடை. 'ஆம்' என்றால் மட்டுமே 'இஃப்' பகுதி இயங்கும். ஆகவே இ 'எல்ஸ்' பகுதிக்குப் போய், ஒரு நாளும் விடுப்பு எடுக்காமலே 'தொடர் விடுப்பு' ஆகிவிடுகிறார். எனவே காலியா என்பதை முதலில் கேட்க வேண்டும்:

இஃப் @வருகை இஸ் நல்
பிரிண்ட் 'பதிவு இல்லை'
எல்ஸ் இஃப் @வருகை >= 15
பிரிண்ட் 'வருகை சரி'
எல்ஸ்
பிரிண்ட் 'தொடர் விடுப்பு'

'இஸ் நல்' என்பதற்குப் பதிலாக '= நல்' என எழுதினால், அதற்கும் விடை 'தெரியாது' தான்.

மடக்கு

'வைல்' மடக்கு, நிபந்தனை பொருந்தும் வரை கூற்றுகளைத் திரும்பத் திரும்ப இயக்கும். 'பிரேக்' இடையில் நிறுத்தும். மடக்குக்குள் ஒவ்வொரு மாணவரின் வருகையையும் 'செலக்ட்' மூலம் மாறியில் ஏற்றும்போது, ஒருவருக்குப் பதிவே கிடைக்காவிட்டால் முந்தைய மாணவரின் மதிப்பு அப்படியே தங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மாறியை 'நல்' ஆக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

18, 9, வெற்றுத்தாள் என மூன்று அட்டைகளைத் தயாரியுங்கள். ஒரு மாணவர் நிரலாக நின்று, கரும்பலகையில் உள்ள கூற்றுகளை வரிவரியாகப் படித்து அட்டைகளைப் பிரிக்கட்டும். முதல் நிரலில் வெற்றுத்தாள் எங்கே போனது, திருத்திய நிரலில் எங்கே போனது என்பதை ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.