பீகிளுக்கு வயதேற்றுவது எப்படி?

கேள்வி: பீகிள் கப்பலின் மர மாதிரிக்குப் பலகை ஒட்டத் தொடங்கியிருக்கிறேன். கடலில் ஓடிய கப்பல் போலத் தெரிய என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஒரு தேதியை முடிவு செய்யுங்கள். 1831 டிசம்பரில் டார்வினோடு இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட பீகிளுக்கு, அதற்குச் சற்று முன்புதான் அடியில் புதிய செப்புத் தகடு அடித்திருந்தார்கள். அந்த நாளைக் காட்டுவதானால் கறையே வேண்டாம். நான் சொல்வது 1834 ஏப்ரல். சாந்தா குரூஸ் ஆற்று முகத்துவாரத்தில் கப்பலைக் கரையில் சாய்த்து அடியைச் சோதித்தார்கள். ஏராவின் காப்புக்கட்டையில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. சில தகடுகள் தேய்ந்திருந்தன. உடன் பயணம் செய்த ஓவியர் கான்ராட் மார்ட்டென்ஸ் அந்தக் காட்சியை வரைந்திருக்கிறார். அதையே முன்மாதிரியாகக் கொள்ளுங்கள்.

பலகை ஒட்டும்போதே இரண்டில் கவனம் வையுங்கள். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கமும் ஒன்று. ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் ஏரா முறுக்கிக்கொள்ளும். பிதுங்கும் பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பசை ஊறிய மரத்தில் சாயம் ஏறாது. கடைசியில் வெள்ளைத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

மேல்தளப் பலகைகளை ஒட்டுமுன் ஒவ்வொன்றின் விளிம்பிலும் 2பி பென்சிலை ஒருமுறை இழுங்கள். ஒட்டியதும் கலப்பத்துக் கோடு மெல்லிய கறுப்பாகத் தெரியும். மாலுமிகள் தளத்தைக் கல்லால் தேய்த்துக் கழுவுவார்கள். அதனால் பழுப்பு வேண்டாம், வெளிறிய சாம்பல் நிறம் போதும்.

1:64 அளவில் கப்பலின் உடல் சுமார் 43 சென்டிமீட்டர், ஒரு செப்புத் தகடு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். தகடுகளை அமரத்திலிருந்து அணியத்தை நோக்கி ஒட்டுங்கள். அப்போதுதான் முன் தகடு பின் தகட்டின் மேல் ஏறி நிற்கும், ஓடும் நீர் விளிம்பைத் தூக்காது. நீருக்கடியில் மங்கிய பழுப்பு. பச்சை நீர்மட்டக் கோட்டை ஒட்டி மட்டும். பச்சைக்கு, மூடிய பெட்டியில் வினிகர் ஆவி காட்டலாம். ஆனால் மரத்தில் ஒட்டுமுன் தனித் தகடுகளில் செய்யுங்கள்.

துருவுக்குக் காரணம் வேண்டும். நங்கூரத் துளைக்குக் கீழேயும், பாய்மரக் கயிறுகளைப் பிடிக்கும் இரும்புப் பட்டைகளுக்குக் கீழேயும் மட்டும், பழுப்பு பாஸ்டல் தூளை உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் தார் பூசியவை, கறுப்பாக இருக்கட்டும். பாயை ஏற்றியிறக்கும் கயிறுகள் சணல் நிறத்திலேயே இருக்கட்டும்.

எதையும் முதலில் மிச்சத் துண்டில் பாருங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் மேல் பளபளப்பில்லாத வார்னிஷ் ஒருமுறை அடித்தால் அடுத்த பூச்சு தவறினாலும் துடைத்தெடுக்கலாம். வைக்கும் ஒவ்வொரு கறைக்கும் வெயில், உப்பு, இரும்பு, மாலுமியின் கால் என ஒரு காரணம் சொல்ல முடியவேண்டும். சொல்ல முடியாத கறையை வைக்காதீர்கள்.