பாதியில் நிற்கும் கைவேலை

வீடு திரும்பும் நாளில், மருந்துச்சீட்டையும் அடுத்த பரிசோதனைத் தேதியையும் விளக்கி முடித்தபின், எங்கள் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவில் நாங்கள் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: “வீட்டில் பாதியில் நிற்கும் கைவேலை ஏதேனும் உண்டா?” பெரும்பாலோர் முதலில் இல்லை என்பார்கள். சற்று நேரம் கழித்து, உடன் வந்திருக்கும் மகளோ மருமகளோ நினைவூட்டுவார். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதனுள், பேரன் பிறப்பதற்கு முன் தொடங்கிய ஒட்டுப்போர்வை இருக்கும்; பேரன் இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பான். ஒரு முழத்தோடு நின்றுபோன குரோஷா மேசைவிரிப்பு, மயிலின் கழுத்துவரை மட்டும் பூத்தையல் போட்ட தலையணை உறை, கைப்பிடி வைக்காத ஒயர்க் கூடை என்று ஒவ்வொன்றாக வெளிப்படும்.

நோயிலிருந்து மீளும் மாதங்களில் அப்பெட்டியைத் திறக்கலாமா, திறந்தால் எதை முடிப்பது, எதைக் கைவிடுவது, ஊசியையும் நூலையும் எவ்வாறு தீங்கின்றிக் கையாள்வது என்பனவற்றையே இங்குச் சொல்ல முற்படுகிறோம்.

கைவேலைக்கும் மருத்துவமனைக்கும் உள்ள உறவு புதியதன்று. படுக்கையில் நெடுநாள் இருக்கும் நோயாளிகளுக்கு எத்தகைய கைவேலைகளைத் தரலாம் என்று கற்பிக்கும் நூலொன்றை, சூசன் டிரேசி என்னும் அமெரிக்கச் செவிலியர் 1910-இல் வெளியிட்டார். 1917-இல் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், தொழில்வழிச் சிகிச்சையை வளர்ப்பதற்கென ஒரு சங்கம் தோன்றியது. முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்கள் பலர் கூடை முடைந்தும் தறியில் நெய்தும் தம் கைகளுக்குப் பயிற்சி பெற்றனர். பாதியில் நின்ற வேலையைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. முடித்த வேலைகளைக் காட்டிலும் இடையில் நிறுத்தப்பட்ட வேலைகளே நினைவில் மிகுதியாகத் தங்குகின்றன என்று, பெர்லினில் ஆய்வு செய்த புளூமா செய்கார்னிக் 1927-இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதனை உறுதி செய்யவில்லை. ஆயினும், பரணில் கிடக்கும் பெட்டியைப் பற்றிப் பேசும்போது எங்கள் நோயாளிகளின் குரல் மாறுவதை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். கடன் பாக்கியைப் பற்றிப் பேசுவது போன்ற குரல் அது.

பெட்டியைத் திறக்கும் முன்

பெட்டியை நோயாளி திறக்க வேண்டாம். உடனிருந்து பராமரிப்பவர் திறக்கட்டும். புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோருக்கும், உறுப்பு மாற்று அறுவைக்குப்பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை உண்போருக்கும், பழந்துணியில் படிந்த பூஞ்சணம் நுரையீரல் தொற்றை விளைவிக்கக்கூடும். ஆகவே பெட்டியை மொட்டைமாடிக்கோ முற்றத்துக்கோ கொண்டுசென்று, முகக்கவசம் அணிந்துகொண்டு திறப்பதே நலம். துணிகளை உதறி, சோப்பு நீரில் அலசி, இரண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்தியபின் நோயாளியின் கையில் கொடுக்கலாம். அலசிய பிறகும் பூஞ்சண வாடை வீசும் துணியை வைத்துக்கொள்ள வேண்டாம். இதய அறுவை செய்துகொண்டவர்கள், மார்பெலும்பு கூடும்வரை, பரணிலிருந்து பெட்டியையோ தையல் எந்திரத்தையோ தூக்கி இறக்கவே கூடாது.

அந்துருண்டையைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். குழந்தைக்கெனத் தொடங்கிய போர்வையைப் பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை போட்டு வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும்; மஞ்சட்காமாலையும் கடுமையான இரத்தசோகையும் உண்டாகும். இக்குறைபாடு இருப்பது பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவது அரிது. ஆதலால், அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சிளங்குழந்தைக்குப் போர்த்த வேண்டாம் என்றே நாங்கள் சொல்கிறோம். பாட்டி ஆசையோடு தைத்தது என்பதற்காக இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. நன்கு துவைத்து வெயிலில் காயவைத்து வாடை முற்றும் நீங்கிய போர்வையைப் பெரியவர்கள் பயன்படுத்தலாம்.

எதை முடிப்பது

வெளியே எடுத்தவை அனைத்தையும் கட்டிலில் பரப்பி வையுங்கள். முடிக்க இன்னும் எவ்வளவு வேலை இருக்கிறது என்று கணக்கிடுவதைவிட, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நின்றது, ஏன் நின்றது என்று பார்ப்பது பயன் தரும். கைவேலைகள் பெரும்பாலும் சோம்பலால் நிற்பதில்லை. தெரியாத ஒரு படியிலோ, உடல் ஒத்துழைக்காத ஒரு படியிலோதான் நிற்கின்றன.

ஒட்டுப்போர்வையை எடுத்துக்கொள்வோம். சேலைத் துண்டுகளை இணைத்து மேல்விரிப்பை அழகாக முடித்திருப்பார்கள், அதோடு நின்றிருக்கும். அடுத்த படியில் அடித்துணி, நடுப்பஞ்சு, மேல்விரிப்பு மூன்றையும் தரையில் சுருக்கமின்றி விரித்து, மண்டியிட்டு, மூன்றின் ஊடும் ஊசியைச் செலுத்த வேண்டும். நாற்பது வயதில் செய்யக்கூடியதை, முழங்கால் தேய்ந்தபின் எங்ஙனம் செய்வது? இவ்விடத்தில் நம் அண்டை மாநிலத்துப் பெண்களிடம் கற்றுக்கொள்ளலாம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள். அவர்களின் பெண்கள் தைக்கும் கவந்தி என்னும் போர்வைக்குச் சட்டமும் வேண்டாம், தரையில் விரிக்கவும் வேண்டாம். அடித்துணியை மடியில் போட்டுக்கொண்டு ஓரத்தில் தொடங்குவார்கள். ஒரு துண்டை வைத்து விளிம்பை மடித்து ஓட்டுத்தையல் போடுவார்கள். அதன்மேல் சற்றே ஏறுமாறு அடுத்த துண்டை வைப்பார்கள். இவ்வாறு சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம்; மறுநாள் அங்கிருந்தே தொடரலாம். வங்காளத்துக் கந்தாவும் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையலால் இணைப்பதே. பஞ்சுக்கு மாற்றாக நைந்த வேட்டி ஒன்றை நடுவில் வைத்தால் போர்வையின் கனமும் குறையும்.

முன்பே இணைத்து முடித்த பெரிய மேல்விரிப்பாயின், அதனை நான்காக வெட்டிவிடுங்கள் என்பது எங்கள் அறிவுரை. ஒவ்வொரு காற்பகுதியையும் மடியில் வைத்துத் தனித்தனியே தைத்து, பின்னர் ஒன்றாக இணைக்கலாம். டயாலிசிஸ் பெறும் அம்மையார் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, கத்திரிக்கோலை வைக்கவே மாட்டேன் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் சென்றபின் ஒரு காற்பகுதியை ஓரம் கட்டி முடித்துக் கொண்டுவந்தார். டயாலிசிஸ் நடக்கும்போது உடல் குளிரும் என்பது அங்குப் படுத்தவர்களுக்குத் தெரியும். இப்போது அந்தத் துண்டுதான் அவர் கால்களைப் போர்த்தியிருக்கிறது. மற்ற மூன்று பகுதிகளும் பெட்டிக்கே திரும்பிவிட்டன. அவற்றைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை.

ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன், பழைய நூலில் ஒரு முழம் உருவி இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் புதுநூல் வாங்குங்கள். சாயம் போகுமா என்பதை அறிய, ஈரமான வெள்ளைத்துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தால் போதும். துணியில் குத்தியே வைத்திருந்த ஊசி துருப்பிடித்திருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். மடிப்பில் இற்றுப்போன பட்டுக்கு மருந்தில்லை.

கை மாறியிருக்கிறது

வேலையைத் தொடங்கிய கையும் இன்று அதைத் தொடரும் கையும் ஒன்றல்ல. இதை ஏற்றுக்கொள்வதுதான் கடினம். பாக்ளிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகளைப் பெற்றவர்களுக்கு விரல்நுனி மரத்துப்போகலாம். ஊசி குத்தியதும் தெரியாது, நூல் நழுவியதும் தெரியாது. அவர்கள் மெல்லிய ஊசியை விடுத்து, முனை மழுங்கிய கம்பளி ஊசியால் செய்யும் வேலையைத் தேர்ந்துகொள்ளலாம். தையற்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தானை அணிந்துகொள்ளலாம். ஊசியில் நூல் கோப்பதே பெரும்பாடாக இருந்தால், பராமரிப்பவர் காலையில் பத்து ஊசிகளில் நூல் கோத்துப் பஞ்சுத்திண்டில் குத்தி வைத்துவிட்டுத் தம் வேலைக்குப் போகலாம்.

மார்பக அறுவையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றியிருந்தால், அப்பக்கத்துக் கையில் ஊசி குத்தாமல் காக்க வேண்டும். அக்கை சிவந்து, வீங்கி, காய்ச்சலும் வந்தால் மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்களுக்குச் சிறு குத்தும் நெடுநேரம் கசியும். அழுத்திப் பிடிக்கச் சுத்தமான துணி அருகில் இருக்கட்டும். டயாலிசிஸ் நடக்கும்போது ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. அந்நேரத்தில் தையல் வேண்டாம். கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், மருத்துவர் இசைவு தந்து புதிய கண்ணாடி வரும்வரை பொறுத்திருங்கள்.

பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர்களுக்கு, பூத்தையல் வளையத்தை மேசை விளிம்பில் இடுக்கிபோட்டுப் பொருத்திவிடலாம். தளர்ந்த கையை மடியில் கிடத்திவிட வேண்டாம். துணியின்மேல் அது பாரமாகவேனும் இருக்கட்டும். இடப்பக்கத்தைக் கவனியாமல் விட்டுவிடும் குறை சிலருக்கு உண்டு. துணியின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றைத் தைத்துவைத்து, ஒவ்வொரு வரிசையையும் அந்த நாடாவைப் பார்த்தபின் தொடங்கப் பழக்குங்கள்.

யாராயினும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கழுத்தையும் தோளையும் தளர்த்துங்கள். மூட்டுவாதம் உள்ளவர்கள் ஒயர்க் கூடையை விட்டுவிடுவதே நல்லது. ஒயரை இழுத்து இறுக்கும் ஒவ்வொரு முறையும் விரல்மூட்டு தண்டனை பெறுகிறது.

குரோஷா வேலையைத் தொடர்வோர் அனைவரும் சொல்லும் குறை ஒன்று: பழைய வரிசைகள் நெருக்கமாகவும் புதியவை தளர்வாகவும் வருகின்றன, அல்லது நேர்மாறாக. கொக்கியின் அளவை ஓரெண் மாற்றிப் பார்க்கலாம். அப்படியும் வேறுபாடு தெரிந்தால் பிரிக்க வேண்டாம். எங்கள் பிரிவின் மேசையில் அப்படியொரு விரிப்பு இருக்கிறது. அறுவைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்பதை யாரும் கண்ணால் காணலாம். பின்னியவர் அதைத் தாமே விரும்பித் தந்தார்.

ஊசிக் கணக்கு

அறுவை அரங்கில், வயிற்றை மூடித் தைக்கும் முன் ஊசிகளையும் பஞ்சுத் துணிகளையும் எண்ணிச் சரிபார்ப்பார்கள். எண்ணிக்கை தவறினால் தேடிக் கண்டபின்தான் அடுத்த வேலை. வீட்டிலும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் வெறுங்காலோடு நடக்கிறோம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர் ஒருவரேனும் பல வீடுகளில் இருக்கிறார். தரையில் விழுந்த ஊசி அவர் பாதத்தில் ஏறினால் வலிக்காது. புண் சீழ்பிடித்துக் கால் வீங்கியபின்தான் தெரியவரும். ஊசியோடு வந்த காலைக் காப்பாற்ற முடியாமற்போகும் நேரமும் உண்டு. எத்தனை ஊசிகளோடு அமர்ந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, எழும்போது எண்ணிச் சரிபாருங்கள். தொலைந்த ஊசியைத் தேட ஒரு காந்தத்துண்டு கைவசம் இருக்கட்டும்.

பராமரிப்பவர்களுக்கு

உங்களிடம் நாங்கள் வேண்டுவன சில. “கொடுங்கள் அம்மா, நான் முடித்துவிடுகிறேன்” என்று வாங்கிக்கொள்ளாதீர்கள். கோணலாகப் போன தையலை அவர் உறங்கும்போது பிரித்துத் திருத்தாதீர்கள். மறுநாள் அவர் அதைக் கண்டுகொள்வார், ஒன்றும் சொல்லமாட்டார், அதன்பின் துணியைத் தொடவும் மாட்டார். எப்போது முடியும் என்று கேட்காதீர்கள். மறதிநோய் உள்ளவரிடம் ஊசியைத் தனியே விட்டுச்செல்ல வேண்டாம். துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து அடுக்குவதும் அவ்வேலையின் ஒரு பகுதியே. அதில் அவர் தேர்ந்தவராக இருப்பதைக் காண்பீர்கள்.

முடிக்கும் முன் காலமானவர்களின் வேலையும் சில வீடுகளில் இருக்கிறது. மனைவி பின்னிய குரோஷா விரிப்பைக் கொக்கி மாட்டியபடியே ஒருவர் எங்களிடம் எடுத்துவந்தார். இதை என்ன செய்வது என்று கேட்டார். யாரேனும் முடித்துத் தரவேண்டுமா, அப்படியே வைக்க வேண்டுமா என்பதை அன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை என்றோம். கொக்கியைக் கழற்றினால் கண்ணி அவிழ்ந்து வரிசைவரிசையாகப் பிரிந்துவிடும். ஆதலால், கடைசிக் கண்ணியில் துருப்பிடிக்காத ஊக்கு ஒன்றை மாட்டிப் பூட்டினோம். பின்னர் கொக்கியை எடுத்து அவர் கையில் கொடுத்தோம். விரிப்பை வெள்ளைப் பருத்தித்துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விட்டு வேறு மடிப்பில் மடித்து வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம்.