பராமரிப்பவரின் வயது என்ன?

அன்புத் தம்பிக்கு,

உங்கள் ஒன்றியத்து மாற்றுத்திறனாளிகளுக்காக நீ எழுதிய திட்ட வரைவைப் படித்தேன். நிறைய உழைத்திருக்கிறாய். ஆனால் முதல் பக்கத்திலேயே ஐம்பது பேர் தங்கும் இல்லம், அதற்கான கட்டட மதிப்பீடு என்று ஆரம்பித்துவிட்டாய். நம் கோப்புகளில் கட்டடத்துக்குக் கிடைக்கிற மரியாதை மனிதருக்குக் கிடைப்பதில்லை. அந்தப் பழக்கம் உனக்கு இப்போதே வேண்டாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 5-ஆம் பிரிவை ஒருமுறை படி. ஊரோடு சேர்ந்து வாழ்வது அவர்கள் உரிமை, இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கூடாது என்கிறது அது. இல்லம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைசியாகப் பேச வேண்டியதை நீ முதலில் பேசுகிறாய்.

இலவசக் கல்விக்கான உரிமையை அதே சட்டம் 18 வயதுவரை தருகிறது. அதுவரை சிறப்பாசிரியர் வருவார், வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி நடக்கும். அதற்குப் பிறகு? அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளை இருபது வயதில் திண்ணையில் உட்கார்ந்தால் நாற்பதிலும் அங்கேதான் இருக்கும். பள்ளியில் பழகியதெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். உன் திட்டம் தொடங்க வேண்டிய இடம் அந்தத் திண்ணை.

மாவட்ட அலுவலகப் பட்டியலில் பெயர், வயது, குறைபாட்டின் வகை, சதவீதம் எல்லாம் இருக்கும். அதில் இரண்டு கட்டங்களை நீயே சேர்த்துக்கொள். பராமரிப்பவரின் வயது என்ன? அவர் நாளைக்கே ஆஸ்பத்திரியில் படுத்தால் அன்றிரவு யார் சோறு ஊட்டுவார்? இரண்டாவது கட்டம் பல வீடுகளில் காலியாகவே இருக்கும். 75 வயது அம்மாவும் 48 வயது மகனும் மட்டும் இருக்கிற வீட்டையும், 90 சதவீத அட்டை வைத்திருக்கும் இளம்பெண்ணுக்கு அப்பா, அம்மா, பாட்டி, சித்தி என்று நாலு பேர் இருக்கிற வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். சதவீதத்தை மட்டும் பார்த்தால் அவசரமான வீடு பின்னுக்குப் போய்விடும். இன்னொன்றும் கவனி: டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு முதுமை சீக்கிரம் வரும், நாற்பதுகளிலேயே மறதிநோய் தொடங்கலாம். "இப்பல்லாம் ரொம்ப அடம் பிடிக்கிறான்" என்று ஓர் அம்மா சொன்னால், புத்திமதி சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்பு. தைராய்டையும் பார்க்கச் சொல்.

என்னைக் கேட்டால், ஐம்பது படுக்கைக்கு முன் ஒன்றியத்தில் இரண்டு அறைகள் வேண்டும். அம்மாவுக்குக் கண்புரை அறுவை, அக்கா வீட்டில் கல்யாணம் என்றால் சில நாள் விட்டுவிட்டுப் போகும் இடம். இதைப் பலர் பெற்றோருக்கான சலுகை என்று நினைக்கிறார்கள். அம்மா இருக்கும்போதே வேறு இடத்தில் தூங்கவும் வேறு கையில் சாப்பிடவும் அந்தப் பிள்ளை பழகுவது அங்கேதான். இல்லாவிட்டால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றுதான் அவன் முதன்முதலாக வேற்றிடத்தில் படுப்பான்.

இனி, திண்ணையில் இருப்பவர்கள் பகலில் வந்து போகும் மையத்துக்கு வருவோம். வண்டி இல்லையென்றால் அது பக்கத்துத் தெருக்காரருக்கான மையம். வண்டியில் ஒரு பெண் உதவியாளர் இல்லையென்றால் மகளை யாரும் அனுப்பமாட்டார்கள். ஓட்டுநர், உதவியாளர் இருவரின் சம்பளத்தையும் வரைவில் எழுதிவிட்டு மேசை நாற்காலிக்குப் போ.

பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் பெற்றோர் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். இது பலருக்கு வங்கியில் போய் நிற்கும்போதுதான் தெரிகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டக் குழு பாதுகாவலரை நியமிக்கலாம். ஆட்சியர் நிலை அதிகாரி, பதிவுபெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் அதில் இருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அது கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது என்று கேள். நியமனமான பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் தர வேண்டும், ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். சொத்துள்ள வீட்டில் அதை விடாதே.

அதற்காக எல்லோருக்கும் பாதுகாவலர் மனு எழுதிக் கொடுத்துவிடாதே. கூட உட்கார்ந்து விளக்க ஒருவர் இருந்தால் தாமே முடிவெடுக்கக்கூடியவர்கள் உண்டு. 2016 சட்டம் பேசும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையும் பாதுகாவலரும் அவரும் சேர்ந்து முடிவெடுப்பதுதான். பேச்சு வராதவரிடம் படம் காட்டிக் கேள், முகத்தைப் பார். உன் வரைவில் எல்லோரையும் 'பயனாளி' என்று எழுதியிருக்கிறாய். அவர்களில் ஒருவரிடமாவது என்ன பிடிக்கும் என்று கேட்டாயா?

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் 2000 ரூபாய் ஆனது. ஓர் உதவியாளரை வைக்க அது காணாது. நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை தரும். அந்த நான்கு வகையினருக்கும் உரியது, தெரிந்தவர்கள் குறைவு. பெற்றோரில் ஒருவர் அரசு ஊழியராக இருந்தால், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள்வரை குடும்ப ஓய்வூதியம் உண்டு. அவர் இருக்கும்போதே ஆவணத்தில் பிள்ளையின் பெயரைச் சேர்க்கச் சொல். பின்னால் சேர்ப்பதற்கு அண்ணன் தம்பிகள்தான் அலைய வேண்டும், அலைவார்கள் என்று நிச்சயமில்லை.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. அந்த உறுப்பினர்களைத் தேடிப் போய் உன் பட்டியலைக் காட்டு. அவர்களுக்கே அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் வீட்டு நிலவரம் தெரியாமல் இருக்கலாம். உள்ளாட்சிக் கூட்டத்துக்கு அப்படி ஒரு பிள்ளையின் அம்மாவையும் கூட்டிப் போ. அவர் வர வேண்டுமானால் கூட்டம் முடியும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும், அதை முதலில் ஏற்பாடு செய்.

அன்புடன்,
அக்கா